சாவி மாற்றும் கணவாய்

காலை ஆறரைக்கு ஆல்டர் ஓடைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நாய்களை இறக்கினேன். ரூத் தானே குதித்தது. ஷெரிஃப் குதிக்கவில்லை. நாற்பது கிலோ உடம்பு, ஷெரிஃப் என்று பெயர், ஆனால் கார்க் கதவிலிருந்து தரைக்கு இரண்டடி குதிக்க ஒரு பிஸ்கட் லஞ்சம் வேண்டும். கொடுத்தேன். இரண்டின் முதுகிலும் பையைக் கட்டினேன். ரூத் தன் தண்ணீரைத் தானே சுமக்கும். ஷெரிஃபின் பையில் காலிக் கிண்ணங்கள் மட்டும்தான். கனமாக எதையாவது வைத்தால் நடுப்பாதையில் படுத்துக்கொண்டு சட்டம் பேசும்.

அன்றைக்கு நான் இரண்டையும் கொடுத்துவிடப் போனேன். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் போட்டு உடைக்கிற வேலையெல்லாம் எனக்கு வராது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் நான். அடுத்த நிறுத்தம் எது என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

கெட்டில் கணவாயை நாங்கள் தாண்டுகிற விதம் இது. மலைக்குக் கிழக்கே ஆல்டர் ஓடை, மேற்கே சில்வர் பிளாட். நடந்தால் ஏழு மைல், காரில் சுற்றிக்கொண்டு போனால் மூன்று மணி நேரம். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வண்டி இந்தப் பக்கமே கிடக்கும். அதனால் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துகொள்வோம். ஒன்று கிழக்கிலிருந்து ஏறும், ஒன்று மேற்கிலிருந்து ஏறும். உச்சியில் சந்தித்து, சாப்பிட்டு, வண்டிச் சாவிகளை மாற்றிக்கொண்டு, அவரவர் போக்கில் மறுபக்கம் இறங்கி, மற்றவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேருவோம். கொலராடோவில் மலை தாண்டுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். பதினாறு வருஷமாக, ஜூலையில் ஒரு நாள், நானும் டுவைட்டும் ஒரு பக்கம், அவன் தம்பி லைலும் லைலின் மனைவி கார்லாவும் மறுபக்கம்.

டுவைட் என் கணவன். பிப்ரவரியில் செத்துப்போனான். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். நான் உள்ளே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ரூத் குரைத்தது. "சும்மா கெட" என்று உள்ளே இருந்தபடியே அதட்டினேன். நடந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. கடித்தாலும் தெரியாது, ரத்தம் வந்தால்தான் தெரியும். சவ அடக்கத்தின்போது அழவில்லை. துணிமணிகளை மூட்டை கட்டிக் கொடுத்தபோதும் அழவில்லை. ஊரில் என்னை நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். சொல்லட்டும், அவர்கள் வாய் அவர்கள் முகத்தில்தானே இருக்கிறது.

மார்ச்சில், விடுப்பில் இருந்தபோது, ஒரு நாள் சோபாவில் படுத்தேன். எழுந்தபோது ஓர் இரவு போயிருக்கும் என்று நினைத்தேன். இரண்டரை நாள் போயிருந்தது. நாய்களுக்குத் தீனி இல்லை, தண்ணீர் இல்லை. கழிப்பறைத் தொட்டியிலிருந்து குடித்திருக்கின்றன. ஷெரிஃப் குளியலறை சோப்பைத் தின்று கூடம் முழுக்க நுரைநுரையாகக் கக்கி வைத்திருந்தது. ரூத் எதையும் தொடவில்லை. என் செருப்புக்குப் பக்கத்தில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கக்கியதைத் துடைத்தேன், தீனி வைத்தேன், கை கழுவினேன். கழுவும்போதுதான் தோன்றியது, இப்படிப்பட்டவளிடம் நாய் இருக்கக் கூடாது. துக்கத்தில் எடுத்த முடிவு இல்லை அது. பிரேக் பிடிக்காத பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன், அதே கணக்குத்தான்.

லைலிடம் சோப்புக் கதையைச் சொல்லவில்லை. முட்டி வலி, இரண்டு நாயை இழுத்துக்கொண்டு நடக்க முடியவில்லை என்று சொன்னேன். அவன் சரி என்றான். மே மாதம் கொண்டுபோய் அவன் வீட்டில் விட்டேன். எங்கள் வீட்டிலிருந்து ஆறு மைல். மறுநாள் காலை இரண்டும் என் வாசலில் உட்கார்ந்திருந்தன. காரிலிருந்து இறங்க லஞ்சம் கேட்கிற ஷெரிஃப், லைலின் நான்கடி வேலியைத் தாண்டியிருக்கிறது. மறுபடி விட்டேன், மறுபடி வந்தன.

லைல் இளவயதில் ஓர் ஆட்டுப் பண்ணையில் இருந்தவன். அவன்தான் யோசனை சொன்னான்.

"ரோட்டு வழியா கொண்டுவந்தா நாய் ரோட்டு வழியாவே திரும்பிப் போயிடும், லோரெட்டா. மலை தாண்டிக் கூட்டிட்டு வரணும். உச்சியில கைமாத்தணும். யாரோட இறங்குதோ அவங்க நாய் அது. பண்ணையில அப்படித்தான் பண்ணுவாங்க."

"உனக்கு யார் சொன்னது, ஆடா?"

"கிண்டல் பண்ணு. ஜூலைல எப்படியும் போகத்தானே போறோம். அப்ப பார்த்துக்கலாம்."

எனக்கு ஜூலையில் போகிற எண்ணமே இல்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை, அதனால் சரி என்றேன்.

கிழக்குப் பக்கம் முதல் மைல் மர நிழல். அதற்குப் பிறகு மரங்கள் முடிந்துவிடும், பாதை கொண்டை ஊசி வளைவு வளைவாகச் செங்குத்தாக ஏறும், வெயில் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காற்று குளிர்ந்துதான் இருக்கும், ஆனால் வெயில் தோலை உரித்துவிடும். அன்று வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. ரூத் முன்னால் போய், வளைவில் நின்று, நான் வருகிறேனா என்று பார்த்து, மறுபடி போகும். மாட்டு மந்தை மேய்க்கிற ஜாதி. நான் அதற்கு ஒரு மாடு. ஷெரிஃப் என் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. பாறை இடுக்கில் மர்மோட் என்கிற கொழுத்த மலை அணில் ஒன்று சீட்டியடித்தபோது என் காலுக்கு நடுவில் புகுந்துகொண்டது.

மேலே இருந்து ஒரு பொன்னிற நாய் கயிறில்லாமல் பாய்ந்து வந்தது. பின்னால், கண்ணுக்கே தெரியாத தூரத்திலிருந்து, ஒரு பெண் குரல்.

"ஒண்ணும் பண்ணாது. ரொம்ப சாது."

எல்லார் நாயும் சாதுதான். "என்னுது சாது இல்ல. நான் அதைவிட மோசம். கயித்தைப் போடு" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் போட்டாள். இரண்டு வளைவு ஏறிய பிறகுதான் கவனித்தேன், எனக்குக் கோபமே வரவில்லை. பழக்கத்தில் வாய் பேசியிருக்கிறது.

பத்தேகாலுக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். லைலும் கார்லாவும் முன்பே வந்து, எப்போதும் உட்காருகிற தட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். கார்லா எல்லாரையும் கண்ணு என்பாள். அபராதச் சீட்டு எழுத வந்த போலீஸ்காரரையே அப்படிக் கூப்பிட்டவள்.

"வா கண்ணு, உட்காரு. வான்கோழி சாண்ட்விச். உனக்குப் பிடிச்ச கடுகு சாஸ் போட்டிருக்கேன்."

எனக்கு வெள்ளரி ஊறுகாய்தான் பிடிக்கும், கடுகு பிடித்தது டுவைட்டுக்கு. சொல்லவில்லை. தின்றேன். அட்டையைத் தின்கிற மாதிரி இருந்தது, ஆனால் ஐந்து மாதமாக எல்லாமே அப்படித்தான் இருக்கிறது, கார்லாவைக் குறை சொல்ல முடியாது.

யாரும் டுவைட் பேச்சை எடுக்கவில்லை. லைல் பருவநிலையைப் பற்றிப் பேசினான், தன் முட்டியைப் பற்றிப் பேசினான். அவனுக்குத்தான் உண்மையிலேயே முட்டி வலி. கார்லா நிறுத்தாமல் பேசினாள். மௌனம் வந்துவிட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தாள் போல. பாவம், உடைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

நான் ஷெரிஃபின் மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். காலையில் ஒன்று, சீஸில் வைத்துக் கொடு, இல்லாவிட்டால் துப்பிவிடும் என்றேன். ரூத்துக்கு இடி என்றால் பயம், குளியல் தொட்டியில் போய்ப் படுத்துக்கொள்ளும், விட்டுவிடு என்றேன். இரண்டு கயிறுகளையும் லைல் கையில் வைத்தேன்.

"ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கோயேன் கண்ணு," என்றாள் கார்லா.

"நாயா கேட்டுச்சு?"

எழுந்தேன், பையை மாட்டினேன், மேற்குப் பக்கம் இறங்க ஆரம்பித்தேன். ரூத் தனக்கும் கிளம்புகிற நேரம் என்று எழுந்து வந்தது. கயிறு இழுபட்டு நின்றது. ஒரே ஒரு முறை குரைத்தது. நான் நிற்கவில்லை. பத்தடி போனதும், நாக்கால் பல்லைத் துழாவிப் பார்க்கிற மாதிரி, உள்ளே எங்கேயாவது வலிக்கிறதா என்று துழாவிப் பார்த்தேன். எதுவும் இல்லை. நல்லது, வேலை முடிந்தது என்று நடந்தேன்.

மேற்குப் பக்கம் மூன்றே மைல்தான், ஆனால் மூவாயிரம் அடி இறக்கம். சரளைக் கல், காலை வைத்தால் கல்லோடு சேர்ந்து நாமும் போவோம். எட்டாவது வளைவுவரை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் பார்த்தேன். ஷெரிஃப் வருகிறதா என்று பார்க்கிற பழக்கம். ஒன்பதாவது வளைவில் என்னை நானே திட்டினேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது ஒரு மணி ஆகப் போகிறது.

லைலின் நீல பிக்கப் வண்டி புழுதி அப்பிக்கொண்டு நின்றது. பையிலிருந்து சாவியை எடுத்தேன். என் சாவி. என் காரின் சாவி. மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற காரின் சாவி.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பொத்தானை அமுக்கிக்கூடப் பார்த்தேன். புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. லைல் பையில் அவன் பிக்கப்பின் சாவி இருக்கும். அவன் அந்தப் பக்கம் என் கார் முன்னால் நிற்பான், இரண்டு நாயோடும் ஒரு கார்லாவோடும். போனில் சிக்னல் கிடையாது, பதினைந்து மைலுக்குள் எங்கேயும் கிடையாது. நாயைக் கைமாற்றுகிற அமளியில் நாங்கள் மூன்று பேரும் சாவியை மாற்றிக்கொள்ளவில்லை. பதினாறு வருஷத்தில் இது ஒரு முறைகூட நடந்ததில்லை.

ஏன் நடந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உச்சிக்கு வந்ததும் யாரையும் உட்காரவே விட மாட்டான் டுவைட். கையை நீட்டிக்கொண்டு நிற்பான். "சாவி முதல்ல. சாப்பாடு அப்புறம்." ஒவ்வொரு வருஷமும். லைல் கேலி செய்வான், சுங்கச்சாவடிக்காரன் வந்துட்டான் என்று. நான் எரிந்து விழுவேன், மூச்சு வாங்கவாவது விடேன் என்று. சாவி மாற்ற வேண்டும் என்பதை நாங்கள் யாரும் நினைவில் வைத்துக்கொண்டதே இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. லைல் மேல் இல்லை. டுவைட் மேல். பனியைத் தள்ள அந்தத் தெருவில் வேறு ஆளா இல்லை, எண்பது வயதுக் கிழவர்களே ஆள் வைத்துத் தள்ளுகிறார்கள், உனக்கு மட்டும் என்ன வீம்பு என்று பிக்கப்பின் கதவைக் காலால் உதைத்தேன். கதவு நெளிந்தது. அத்தோடு கோபம் போய்விட்டது. மறுபடி கன்னம் மரத்துப்போனது.

அங்கே நான்கைந்து வண்டிகள் நின்றன. யாரையாவது கேட்டு ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் வெயிலில் இரண்டு நாய்கள், பூட்டிய காருக்கு வெளியே. யாராவது ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். நான் பெரிதாக யோசிக்கவில்லை. கால் திரும்பியது, பின்னாலேயே நானும் போனேன்.

மதிய வெயில் மேற்குச் சரிவில் நேராக முதுகில் அறைகிறது. என் தண்ணீர்க் குப்பியில் கால்வாசிதான் இருந்தது. மீதி ரூத்தின் முதுகில் போய்விட்டது. அரை மணி ஏறியிருப்பேன். எதிரே ஒரு கிழவர் இறங்கி வந்தார். மார்பில் குழந்தைப் பை மாதிரி ஒரு பை, அதிலிருந்து குட்டைக்கால் நாய் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பீனட். பீனட்டை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். கிழவரின் பெயர் தெரியாது. இந்தப் பாதைகளில் அப்படித்தான். நாய்க்குப் பெயர் உண்டு, நமக்குக் கிடையாது.

"ரூத்தோட அம்மாதானே நீங்க?" என்றார். "அடையாளமே தெரியல. ரூத் எங்க?"

"கொடுத்துட்டேன்."

"ஓ." பீனட்டின் தலையைத் தடவினார். "ரூத்தோட அப்பா? பின்னால வர்றாரா?"

"செத்துட்டாரு. பிப்ரவரில."

அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப்போலச் சொல்லியிருந்தேன், அது அவர் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

"அவர் பேரு என்ன? இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல."

"டுவைட்."

"டுவைட்," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "போன வருஷம் என் நாய்க்கு முள்ளு எடுத்துக் கொடுத்தாரு. இடுக்கி வெச்சிருந்தாரு." பிறகு என் குப்பியை வாங்கித் தன் தண்ணீரைப் பாதி ஊற்றினார். "வெயில் கொல்லுது. மெதுவா போங்க."

நன்றி சொன்னேன். மெதுவாகப் போனேன், வேகமாகப் போகத் தெம்பும் இல்லை. இடுக்கி விஷயம் எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் கூட இருந்தவள் நான், எனக்குத் தெரியாத ஒரு முள்ளு இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் ஒரு தகவல் மாதிரிதான் உள்ளே போய் விழுந்தது.

நாலு மணி சுமாருக்கு உச்சியை எட்டினேன். கடைசி வளைவைக் கைகளையும் ஊன்றித்தான் ஏறினேன். தட்டைப் பாறையில் லைல் உட்கார்ந்திருந்தான். ரூத் அவனோடு இருந்தது.

"வாங்க வாங்க," என்றான். "ரெண்டு மணி நேரமா உனக்காகத்தான் குந்தியிருக்கேன்."

"இறங்கி வந்தா என்ன? கால்ல என்ன விலங்கா மாட்டியிருக்கு?"

"இந்தப் பக்கம் இறங்கினா என் முட்டி திரும்ப ஏறாது. நீ வருவேன்னு தெரியும்." சாவியைத் தூக்கிக் காட்டினான். "ரெண்டு மைல் இறங்கினப்புறம் கத்தி எடுக்கப் பையில கையை விட்டேன், இது வருது. கார்லா ஷெரிஃபைக் கூட்டிட்டுக் கீழ போயிட்டா. அவன் திரும்ப ஏற மாட்டேன்னு படுத்துட்டான்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஆமா, முட்டி வலின்னு சொல்லி நாயைக் கொடுத்தவ நீ. ஒரே நாள்ல மலையை ரெண்டு தடவை ஏறியிருக்க."

உட்கார்ந்தேன். பொய் சொல்லத் தெம்பு வேண்டும், எனக்கு அது இல்லை. சோப்புக் கதையைச் சொன்னேன். இரண்டரை நாள். கழிப்பறைத் தண்ணீர். நுரை. ரூத் செருப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. எல்லாம் சொன்னேன்.

லைல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

"எங்க அண்ணன் கேட்டிருந்தா உன்னைக் கொன்னிருப்பான்," என்றான்.

"ஆமா."

"அப்புறம் உனக்கு சூப் வெச்சுக் கொடுத்திருப்பான்."

"உப்பே இல்லாம."

லைல் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு முகம் கோணிற்று. தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். "சாவியை மறந்துட்டோம் பாரு, லோரெட்டா. மூணு எருமை மாடுங்க. ஒருத்தன் இல்லாம ஒரு சாவியை மாத்தத் தெரியல."

நான் அவன் முதுகில் கை வைத்தேன். பிறகு ரூத்தைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியாது. இவ்வளவு நேரமும் அது அவன் பக்கத்தில் படுத்தபடி என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது, எழுந்து வரவில்லை. வழக்கமாக, தபால் பெட்டிவரை போய்விட்டு வந்தாலே என் மேல் தாவும்.

கூப்பிட்டதும் வந்தது. என் கையை முகர்ந்தது, மணிக்கட்டில் வழிந்த உப்பை ஒரு தடவை நக்கியது. நான் அதன் காதைப் பிடிப்பதற்குள் திரும்பிப் போய் லைலின் பூட்ஸ்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"எப்படி நடந்துது?" என்று கேட்டேன்.

"யாரு, ரூத்தா?"

"ஆமா. நான் போனப்புறம்."

"முதல் அரை மைல் திரும்பித் திரும்பிப் பார்த்தா. இழுத்துட்டுத்தான் போனேன்." லைல் தொப்பியைத் தூக்கினான். "அப்புறம் பார்க்கல."

அங்கேதான் எனக்கு வலித்தது. நெஞ்சில், நடுவில், விரலை வைத்துக் காட்டுகிற மாதிரி ஓர் இடத்தில். நெஞ்சு வலியோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அரை மைல். ஒன்பது வருஷம் என் வீட்டுத் தரையில் படுத்த நாய், அதற்கு அரை மைல் போதுமாக இருந்தது. நான் ஒன்பதாவது வளைவில் நிறுத்திய அதே வேலையை, அதுவும் நிறுத்தியிருக்கிறது. அதைத் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. நான் கேட்டதுதான் நடந்திருந்தது.

லைல் என் முகத்தைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை.

"வேணும்னா கூட்டிட்டுப் போ," என்றான். "இப்பவே. இந்தப் பக்கமா உன்னோட இறங்கட்டும். ரெண்டு மணி நேரத்துல பழையபடி உன் நாய் ஆயிடும். ஷெரிஃபை நாளைக்குக் கொண்டுவந்து விடறேன். உனக்கு வேணுமா, சொல்லு."

"வேணும்," என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. பிப்ரவரியிலிருந்து நான் எதையும் வேண்டும் என்று சொன்னதில்லை. காபி வேண்டுமா என்றால்கூட, இருந்தால் கொடு என்பேன். "ரொம்ப வேணும், லைல்."

"அப்ப எடுத்துக்கோ கயித்தை."

கயிறு பாறைமேல் கிடந்தது. ரூத் அவன் பூட்ஸ்மேல் கண்ணை மூடியிருந்தது. விலா எலும்பு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தூக்கம். என் வீட்டில் இந்த ஐந்து மாதத்தில் அது அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் காவல் காத்தது. சோபாவில் கிடந்த இரண்டரை நாளும் அது தூங்கியிருக்காது.

"வேண்டாம்," என்றேன். "இப்பதான் தூங்குது. எழுப்பாத."

"லோரெட்டா."

"எனக்கு வேணுங்கறது அதுக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்ல. சாவியைக் கொடு."

கொடுத்தான். என்னுடையதை வாங்கிக்கொண்டான். எழுந்திருக்கக் காலை உருவினால் ரூத் விழித்துக்கொள்ளும் என்று அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் ஓசைப்படாமல் பாறையைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினேன்.

முதல் வளைவுவரை தாங்கியது. இரண்டாவது வளைவில் ஒரு சத்தம் வந்தது, அது என் தொண்டையிலிருந்து வருகிறது என்று புரிய நேரமாயிற்று. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. மூக்கு ஒழுக, கண் தெரியாமல், சரளையில் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி அழுதேன். ரூத்துக்காக அழுதேன், பிறகு ரூத் குரைத்ததற்காக அழுதேன், சும்மா கெட என்று நான் சொன்னதற்காக அழுதேன். டுவைட் பேரைச் சொல்லி அழுதேன். எதிரே ஏறி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏறுகிறவர்களுக்குத்தான் இறங்குகிறவர்கள் வழிவிட வேண்டும், அதுதான் முறை. யாரும் முறை பார்க்கவில்லை.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் இளம்பெண் தன் கருப்பு நாயின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"என்னாச்சுங்க? விழுந்துட்டீங்களா?"

"என் புருஷன் செத்துட்டாரு."

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "மேலயா? எவ்வளவு தூரத்துல? நான் வண்டியில போய் ஆளைக் கூட்டிட்டு வரேன், நீங்க இங்கயே இருங்க."

ஓடப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இல்லம்மா. பிப்ரவரில. வீட்டு வாசல்ல."

அவள் கையிலிருந்த துண்டை என்னிடம் நீட்டினாள். மண்ணும் நாய் வாசமுமாக இருந்தது. அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டேன்.